வௌவால் மனித இனம்: எடை, இறக்கை, கை, காது எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக என்ன செய்வது?

மையிருட்டு (கேள்வி)

மிகுபுனைவு நாவல் ஒன்றுக்காக வௌவால் சாயல் கொண்ட ஓர் இனத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். பெயர் வாவலர். வாவல் என்பது வௌவாலுக்குப் பழைய சொல் என்பதால் வைத்தது. இதுவரை உள்ள குறிப்பு:

உயரம் 6 அடி, எடை 75 கிலோ. கைகள் நம்மைப் போலவே. முதுகிலிருந்து தனியாக இரண்டு இறக்கைகள், விரித்தால் 3 மீட்டர். மலைக்குகையில் தலைகீழாகத் தொங்கித் தூங்குவார்கள். இருட்டில் ஒரு கிலோமீட்டர் தூரம்வரை ஒலியாலேயே "பார்ப்பார்கள்". போரில் ஆளுக்கொரு வில்லாளியைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள்.

கதையில் மந்திரம் உண்டு. ஆனால் இவர்கள் பறப்பதற்கு அது காரணமாக இருக்கக் கூடாது. புவியீர்ப்பும் காற்றும் நம் உலகத்தில் உள்ளபடியே. இதில் எது எங்கே இடிக்கிறது, எதை மாற்றினால் தேறும்? எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்குத்தராசு

முதல் வரியிலேயே இடிக்கிறது.

தூக்குவிசைக்கான சூத்திரம் ஒன்றுதான்: பாதி × காற்றின் அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் × இறக்கைப் பரப்பு × தூக்குக் கெழு (இறக்கையின் வடிவமும் சாய்வும் எவ்வளவு தூக்கும் என்பதைச் சொல்லும் எண்). கடல் மட்டத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ. சவ்வு இறக்கைக்குத் தூக்குக் கெழு அதிகபட்சம் 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 3 மீட்டர் இறக்கைக்குச் சராசரி அகலம் 60 செ.மீ. என்றால் பரப்பு 1.8 சதுர மீட்டர். 75 கிலோவைத் தாங்க நொடிக்கு 21 மீட்டர் வேகம் வேண்டும், அதாவது மணிக்கு 76 கி.மீ. அதற்குக் கீழே போனால் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தாங்கும் திறனை இழந்து, விழுவார். புறப்படவும் அந்த வேகம் வேண்டும், இறங்கும்போதும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் தரையைத் தொடுவார். கால் மிஞ்சாது.

இதன் பொருள் பெரிய உயிர் பறக்கவே முடியாது என்பதல்ல. இன்றுள்ள வௌவால்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான பிலிப்பைன்ஸின் பொன்முடிப் பழந்தின்னி வௌவால் சுமார் 1.4 கிலோதான், இறக்கை விரிப்பு 1.5 மீட்டருக்கு மேல். ஆனால் அழிந்துபோன அர்ஜென்டாவிஸ் என்ற பறவையின் எடை 70 கிலோ அளவில் மதிப்பிடப்படுகிறது, விரிப்பு ஏறத்தாழ 7 மீட்டர். கெட்சால்கோட்லஸ் என்ற டெரோசாருக்கு (அழிந்துபோன பறக்கும் ஊர்வன) விரிப்பு 10 மீட்டர், எடை 200 கிலோவுக்கு மேல் என்கிறார்கள். ஆகவே இடம் இருக்கிறது. அதற்கான இறக்கையைக் கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

என் பரிந்துரை: உயரம் 1.5 மீட்டர், எடை 40 கிலோ, விரிப்பு 6 மீட்டர், பரப்பு 4.5 சதுர மீட்டர். ஸ்டால் வேகம் நொடிக்கு 9.7 மீட்டர், மணிக்கு 35 கி.மீ. இது சமாளிக்கக்கூடிய எண்.

40 கிலோவுக்கு எங்கே குறைப்பது? கால்களில். மனித உடலில் இரண்டு கால்களும் சேர்ந்து மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வாவலருக்குக் கால்களை 5 கிலோவுக்குள் அடக்குங்கள். மிச்சமாகும் எடையில் 7 கிலோவை மார்புத் தசைக்குக் கொடுங்கள். இதைச் செய்யாமல் சும்மா ஒல்லியாக வரைந்தால் அது பட்டினி கிடந்த மனிதன்தான், பறக்கும் உயிரல்ல.

சக்திக் கணக்கும் பார்த்துவிடலாம். நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில், 10 மீட்டர் முன்னே போக 1 மீட்டர் இறங்கும் தரமுள்ள உடல் என்றால், மட்டமாகப் பறக்க 430 வாட் வேண்டும். கிலோவுக்கு 10.8 வாட். உலகத் தரச் சைக்கிள் வீரர் ஒரு மணி நேரத்துக்குத் தாங்குவது கிலோவுக்கு 6 வாட் அளவு. ஆகவே மனித நுரையீரலும் இதயமும் போதாது, இரண்டையும் பெரிதாக்க வேண்டும். ஆனால் 7 கிலோ மார்புத் தசைக்கு இது கிலோவுக்கு 61 வாட்தான். தசைக்கு அது மிகையான வேலை இல்லை.

மனிதத் தசையை வைத்தே பறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1988-இல் கிரீட் தீவிலிருந்து சாண்டோரினி வரை 115 கி.மீ. மிதித்தே பறந்த டேடலஸ் விமானத்தைப் பாருங்கள். விமானத்தின் எடை 31 கிலோ, இறக்கை 34 மீட்டர்! அதை மடித்து முதுகில் வைத்துக்கொண்டு குகைக்குள் நுழைய முடியாது.

வில்லாளியைத் தூக்குவது பற்றிக் கேட்கவே வேண்டாம். 50 கிலோ ஆள் சேர்ந்தால் மொத்தம் 90 கிலோ. ஸ்டால் வேகம் மணிக்கு 53 கி.மீ. ஆகும், தேவையான சக்தி 3.4 மடங்கு. 8 கிலோ சுமை என்றால் சக்தி 30 சதவீதம் ஏறும், வேகம் 38 கி.மீ. அதுதான் நியாயமான வரம்பு. ஒரு குழந்தை, அல்லது ஒரு தபால் பை.

எலும்புக்கூடு

முதுகில் தனி இறக்கையை எடுத்துவிடுங்கள். முதுகெலும்பிகளுக்குக் கைகால்கள் நான்கே என்ற விதியை மீறுவது பற்றிக்கூட நான் கவலைப்படவில்லை, அது உங்கள் உலகம். இடப்பிரச்சினைதான் பெரிது. இறக்கையைக் கீழே அடிக்கும் தசை மார்பில்தான் உட்கார முடியும். கைக்கு ஒரு தோள், இறக்கைக்கு இன்னொரு தோள் என்றால், 7 கிலோ இறக்கைத் தசையும் கைத்தசையும் ஒரே மார்புக்கூட்டுக்குச் சண்டை போடும். படங்களில் வரும் முதுகு இறக்கைகளுக்குத் தசை எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

வௌவாலில் கையேதான் இறக்கை. கட்டைவிரல் மட்டும் நகத்தோடு வெளியே நிற்கும். மற்ற நான்கு விரல்களும் நீண்டு சவ்வைத் தாங்கும் கம்புகளாகிவிடும். (பெரும்பாலான பழந்தின்னி வௌவால்களுக்கு இரண்டாவது விரலிலும் நகம் உண்டு.) இதை அப்படியே எடுத்தால் வாவலருக்கு ஆளுக்கு இரண்டு கட்டைவிரல்கள்தான். முடிச்சுப் போட முடியும், கரண்டி பிடிக்கலாம், வில் இழுக்க முடியாது.

கை வேண்டுமென்றால் டெரோசாரிடமிருந்து பாதி கடன் வாங்குங்கள். அதற்கு முதல் மூன்று விரல்கள் சுதந்திரம், நான்காவது விரல் மட்டும் இறக்கையைத் தாங்கியது. வாவலருக்கு 1, 2, 3 விரல்களைக் கையாக விட்டு, 4, 5 ஆகியவற்றை இறக்கைக் கம்புகளாக்கலாம். ஆனால் இதற்கு விலை உண்டு: கம்பு குறைந்தால் சவ்வு காற்றில் படபடக்கும், தூக்குவிசை போய் இழுவிசைதான் கூடும். டெரோசாரின் சவ்வுக்குள் விறைப்பான இழைகள் ஓடின. வௌவாலின் சவ்வுக்குள் மெல்லிய தசைநார்களும் நீளும் இழைகளும் உண்டு, அவை சவ்வைத் தேவைக்கேற்ப இறுக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

அளவுகள், 6 மீட்டர் விரிப்புக்கு: தோள் அகலம் 40 செ.மீ., மேற்கை 45, முன்கை 75, இறக்கைவிரல் 160. அந்த 160-இல் உள்ளங்கை எலும்பு 70, முதல் கணு (விரலின் முதல் எலும்பு) 50, கடைசிக் கணு 40.

மடிப்பு எப்படி என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நின்றால் தோள் தரையிலிருந்து 1.2 மீட்டர். மேற்கை கீழே தொங்கும், முழங்கை 75 செ.மீ. உயரத்தில். அங்கிருந்து முன்கை மேலே திரும்பும், மணிக்கட்டு 1.5 மீட்டரில், உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அங்கிருந்து உள்ளங்கை எலும்பு கீழே மடங்கி 80 செ.மீ.க்கு வரும், முதல் கணு 30 செ.மீ. வரை இறங்கும். கடைசிக் கணுவை மறுபடி மேலே மடக்காவிட்டால் தரையைப் பெருக்கிக்கொண்டே நடப்பார். ஆக, மடித்த நிலையில் தலைக்கு இருபுறமும் இரண்டு மணிக்கட்டுகள் கொம்பு போலத் துருத்தும். வாசலில் முதலில் இடிபடுவது அவைதான்.

சவ்வு எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். மேலே சொன்ன 4.5 சதுர மீட்டர் வேண்டுமென்றால் விலாவிலிருந்து கணுக்கால்வரை ஒட்டியிருக்க வேண்டும். இடுப்போடு நிறுத்தினால் 3 சதுர மீட்டர் தேறினால் அதிகம், ஸ்டால் வேகம் 43 கி.மீ. ஆகிவிடும். கணுக்கால்வரை ஒட்டினால் கால்சட்டை கிடையாது, பக்கவாட்டில் மூடிய எந்த உடையும் கிடையாது. முன்னால் ஒரு துணி, பின்னால் ஒரு துணி, தோளிலும் இடுப்பிலும் முடிச்சு. இடுப்பு முடிச்சுக்கு விலாச் சவ்வில் ஒரு துளை தேவைப்படும், காது குத்துவது போல. பண்பாட்டு விவரமாகவே அதைப் பயன்படுத்தலாம்.

நடை? இரண்டு காலில் நடக்க வைக்காதீர்கள். குருதியுண்ணும் வௌவால் மணிக்கட்டை ஊன்றி நான்கு காலில் நன்றாகவே ஓடும், தரையிலிருந்து கைகளால் உந்தித் துள்ளி எழும்பவும் செய்யும். 5 கிலோ கால் உள்ளவருக்கு அதுதான் இயல்பான நடை. எழுந்து நிற்பது சபையில் பேசுவதற்கு மட்டும்.

மையிருட்டு

40 கிலோ, நான்கு கால் நடை, மூன்று விரல் கை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். வில்லாளிகள் போனது வருத்தம்தான். ஒலிப்பார்வையும் தலைகீழ்த் தூக்கமும்? அவை இல்லாவிட்டால் வௌவால் என்று சொல்லவே முடியாதே.

குகைக்காது

ஒலியில் ஒரு கிலோமீட்டர் என்பதை 15 மீட்டர் ஆக்குங்கள். மீயொலி, அதாவது மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி, காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதிர்வெண் ஏற ஏற இன்னும் சீக்கிரம். பூச்சி பிடிக்கும் வௌவால்கள் பெரும்பாலும் 20 முதல் 100 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒலிக்கின்றன. சிறு பூச்சியை அவை உணரும் தூரம் சில மீட்டர்கள்தான்.

வேகமும் சேர்ந்து கெடுக்கும். ஒலி நொடிக்கு 343 மீட்டர். 15 மீட்டர் தள்ளியுள்ள பாறையிலிருந்து எதிரொலி திரும்ப 87 மில்லிநொடி. அதற்குள் வாவலர் 1 மீட்டர் முன்னே போயிருப்பார், அது பரவாயில்லை. ஆனால் நொடிக்கு 12 மீட்டரில் போகிறவருக்கு 15 மீட்டர் என்பது 1.25 நொடி அவகாசம். 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் திருப்பத்தின் ஆரமே கிட்டத்தட்ட 15 மீட்டர். கேட்டவுடன் திரும்பினால்கூடப் பாறையை உரசிக்கொண்டுதான் போவார்.

அதனால் திறந்த வெளியில் கண்ணால் பறக்கட்டும். வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது கட்டுக்கதை. பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை எதிரொலியைப் பயன்படுத்துவதே இல்லை, பெரிய கண்களையும் மோப்பத்தையும் நம்புகின்றன. அவற்றுள் ரூசெட்டஸ் இனம் மட்டும் நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்டு இருண்ட குகைக்குள் வழி காண்கிறது. உங்களுக்கு அதுவே சரியான முன்மாதிரி. வெளியே கண், குகைக்குள் மெதுவாக நகரும்போது நாக்குச் சொடுக்கு.

எந்த அதிர்வெண் என்பதைக் கதையின் தேவைக்கேற்ப முடிவு செய்யுங்கள். 20 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 17 மி.மீ., 50-இல் 7 மி.மீ. அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருளிலிருந்து எதிரொலி பலவீனமாகத்தான் வரும். 20 கிலோஹெர்ட்ஸ் வாவலருக்குச் சுவரும் தூணும் தெளிவாகத் தெரியும், 3 மி.மீ. கயிற்றில் கட்டிய வலை ஏறக்குறைய மறைந்துவிடும். எதிரிக்கு அது ஆயுதம். மனிதக் காதின் மேல் எல்லையும் 20 கிலோஹெர்ட்ஸ்தான், வயதானால் அதுவும் குறையும். ஆகவே 18 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால், கிழவர்களுக்குக் கேட்காத சொடுக்கைச் சிறுவன் ஒருவன் கேட்பான். காவல் காட்சிக்கு அருமையாக இருக்கும்.

அருவிக்குப் பக்கத்தில் குகையை வைக்காதீர்கள். பலரும் அழகுக்காக வைக்கிறார்கள். நீரின் இரைச்சலில் மீயொலியும் உண்டு, சொடுக்கு அமுங்கிப்போகும்.

நாண்பூட்டு

"வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்து வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்று சொல்வார்களே, அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தொங்குவதற்கு வௌவால் செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய பூஜ்யம். கால்விரலை மடக்கும் தசைநாணிலும் அதைச் சுற்றியுள்ள உறையிலும் பற்கள் போன்ற வரிகள் இருக்கும். உடல் எடை இழுக்க, வரிகள் ஒன்றில் ஒன்று மாட்டிப் பூட்டிக்கொள்ளும். செத்த வௌவால்கூடத் தொங்கிக்கொண்டிருப்பது இதனால்தான். விடுவிக்கத்தான் தசை வேலை செய்ய வேண்டும்.

வாவலருக்குச் சிக்கல் பூட்டில் இல்லை, இரத்தத்தில். ஒரு மீட்டர் உயர இரத்தத் தூண் 78 மி.மீ. பாதரச அழுத்தம் தரும். தலைகீழாகத் தொங்கும்போது மூளை இதயத்துக்கு 35 செ.மீ. கீழே இருந்தால் தலையில் 27 மி.மீ. கூடும். கண்ணும் முகமும் வீங்கும். பாதம் இதயத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருப்பதால், இதயத்தருகே அழுத்தம் 100 மி.மீ. என்றால் அங்கே 22 தான் மிஞ்சும், மரத்துப்போகும். வௌவால் சிறியது என்பதால் இந்தக் கணக்கு அதற்கு வருவதே இல்லை.

தீர்வு ஒட்டகச்சிவிங்கியிடம் இருக்கிறது. தண்ணீர் குடிக்கக் குனியும்போது தலைக்கு இரத்தம் திரும்பி ஓடாமல் இருக்க அதன் கழுத்துச் சிரைகளில் அடைப்பிதழ்கள் உண்டு. வாவலருக்கும் அதைக் கொடுங்கள். கூடவே வௌவாலின் இறக்கைச் சிரைகள் தாமே சுருங்கி விரிந்து இரத்தத்தைத் தள்ளும் பண்பைக் கழுத்துக்கும் நீட்டுங்கள். அப்படியும் ஒரே தொங்கலில் 2, 3 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் கட்டைவிரல்களால் பற்றித் தலை நிமிர்ந்து தொங்கட்டும். பழந்தின்னி வௌவால்கள் சிறுநீர் கழிக்க அப்படித்தான் திரும்புகின்றன. ("தலைகீழாகத் தொங்கினால் தன்மேலேயே போகாதா?" என்று வாசகர் கேட்டே தீருவார். பதில் இதுதான்.)

தொங்கும் விட்டத்தின் (உத்தரத்தின்) இடமும் கணக்கில் வர வேண்டும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருபவர் அதை உயரமாக மாற்றித்தான் நிற்க முடியும், அது 5 மீட்டர். இழுவிசை கொஞ்சம் தின்றாலும், நுழைவழிக்கு 4 மீட்டர் மேலே விட்டம் இருக்க வேண்டும். தாழ வந்து, மேலே எழும்பி, வேகம் தீரும் கணத்தில் உடலைப் புரட்டிக் காலால் பற்றுவது. தாழ்வான விட்டத்தில் மாட்டினால் கால் பிடுங்கிக்கொள்ளும்.

புறப்பாடு இதற்கு எதிர். பிடியை விட்டு விழுந்தால் 5 மீட்டரில் நொடிக்கு 10 மீட்டர் வேகம் வந்துவிடும் என்று நினைப்பீர்கள். அந்த வேகம் கீழ்நோக்கி இருக்கிறது, அதை மட்டமாக வளைக்கவும் இடம் வேண்டும். எடையைப் போல இரண்டு மடங்கு விசையோடு வளைத்தால் நொடிக்கு 14 மீட்டர் வேகம் தேவை. மொத்தத்தில் 20 மீட்டர் செங்குத்துப் பள்ளம் இருந்தால் பாதுகாப்பு. எதிர்க்காற்று நொடிக்கு 5 மீட்டர் வீசினால் பாதி போதும். அதனால் குகைவாய் காற்று அடிக்கும் பக்கம் பார்த்திருப்பது இயல்பு.

மந்திரக்கோல்

இவ்வளவு கணக்குப் போட்டால் நாவல் எப்போது எழுதுவது? "காற்று அவர்களை ஏந்தியது" என்று ஒரு வரி போதாதா?

கணக்குத்தராசு

போதும், கேட்டவர் மந்திரத்தை விலக்காமல் இருந்திருந்தால். அவர் விலக்கியிருக்கிறார்.

விட்டுப்போன இரண்டு. ஒன்று, மேலே நான் சொன்னவை கடல் மட்டத்து எண்கள். மலையில் 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி 0.91. வேகங்கள் எல்லாம் 16 சதவீதம் ஏறும்: 35 என்பது 41 கி.மீ. ஆகும். நாண்பூட்டு சொன்ன 20 மீட்டர்ப் பள்ளத்தையும் 25-க்கு மேல் ஆக்குங்கள்.

இரண்டாவது சாப்பாடு. தசையின் திறன் 22 சதவீதம் என்றால் 430 வாட் வெளியே வர, உள்ளே ஏறத்தாழ 1,950 வாட் எரிய வேண்டும். மணிக்கு 1,700 கிலோகலோரி. இரண்டு மணி நேரம் இடைவிடாமல் சிறகடித்தால் 3,400, அதாவது ஒரு கிலோவுக்கு மேல் தேன். நூறு பேர் கொண்ட படை தினமும் இப்படிப் பறந்தால் பக்கத்து நாட்டைக் கொள்ளையடித்தாலும் கட்டுப்படியாகாது. ஆகவே மலைச்சரிவில் மேலெழும் காற்றில் மிதப்பதுதான் அன்றாடம், சிறகடிப்பது புறப்பாட்டுக்கும் அவசரத்துக்கும். சரிவுக் காற்று சூரியன் ஏறிய பிறகுதான் வலுக்கும் என்பதால், இரவாடி இனத்துக்கு இது நேர்முரண். ஒன்று அந்தியில் கிளம்புவார்கள், இல்லையென்றால் இரவிலும் காற்று ஓயாத மலைமுகட்டைப் பிடித்திருப்பார்கள்.

மழையில் பறக்க விடாதீர்கள். நனைந்த வௌவாலுக்குப் பறக்கும் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாவதை அளந்திருக்கிறார்கள்.

மையிருட்டு

முற்றுகைக் காட்சியை மழைநாளுக்கு மாற்றிவிட்டேன். கடைசியாக ஒன்று: சண்டையில் சவ்வு கிழிந்தால் எவ்வளவு நாள் ஓய்வு?

எலும்புக்கூடு

எங்கே கிழிந்தது என்பதைப் பொறுத்தது. சவ்வின் நடுவில் விழும் ஓட்டை வௌவாலுக்குச் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும், அதுவரை தடுமாறியாவது பறக்கும். வாவலரின் சவ்வு தடிமன், ஆறு வாரம் என்று வையுங்கள். அம்பு துளைத்த ஓட்டை இந்த வகை. பின்விளிம்பு கிழிந்தால் கதை வேறு, அங்கேதான் சவ்வின் இறுக்கம் நிற்கிறது. விளிம்பு அறுந்ததும் கிழிசல் உள்நோக்கி ஓடும், அந்தப் பக்கம் தொளதொளக்கும், உடல் அந்தப் பக்கமே சாயும். உடனே இறக்கித் தைத்தாக வேண்டும். தையலை விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போடுங்கள், இழுத்துக் கட்டாமல். இறுக்கினால் ஆறிய பின் அந்த இறக்கை முழுதாக விரியாது.

விரல் எலும்பு முறிந்தால் அந்தப் பருவம் முழுக்கத் தரைதான். வாள்வீரன் குறிவைக்க வேண்டியது சவ்வை அல்ல, மணிக்கட்டை. மடித்தபோதுகூட அது தலைக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டுதானே நிற்கிறது.